உருட்ட மறுக்கிற மோட்டார் சைக்கிள்: ஸ்பானர் எடுக்க முதல் கையால் பாருங்கள்

“வண்டி உருட்டப் பாரமாக் கிடக்கு, பெயாரிங் போயிருக்கும் போல.” கராச்சில் வண்டியை விடும்போது அநேகம் பேர் சொல்கிற வசனம் இது. பெயாரிங் போகாமல் இல்லை. ஆனால் போகிற பெயாரிங் முதலில் சத்தம் போடும், பிறகு சில்லை ஆட்டும், இறுகிப் பிடிப்பது பெரும்பாலும் கடைசியில்தான். சத்தமுமில்லை, ஆட்டமுமில்லை, பாரம் மட்டும்தான் என்றால் பெயாரிங்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். காற்று, பிறேக், செயின் மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் சில்லைக் கழற்றுகிற பேச்சு.

முதல் கேள்வி, எப்போதிலிருந்து பாரம் என்பது. “பஞ்சர் ஒட்டின நாளிலிருந்து” என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பின்சில்லைக் கழற்றிப் பூட்டும்போது நாலு விசயம் மாறும்: செயின் இழுவை, பிறேக் கம்பியின் நட், அச்சின் இறுக்கம், அச்சில் கோத்திருக்கிற கொலர்களின் இடம். அந்த நாலில் ஒன்று பிழைத்திருக்கும். “மாரி முழுக்க மூலையில நிண்டது” என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பரும், ட்ரம்முக்குள் விரிகிற பிறேக் சூவும், துருப்பிடித்த செயினும். “மட்டக்களப்பில வெளிக்கிடேக்க லேசு, கல்முனையில இறங்கித் தள்ளினாப் பாரம்” என்றால் சூட்டோடு இறுகுகிற ஒன்று, அதாவது முன் பிறேக்கின் ஒயில் பக்கம். “பின்னால ஆள் ஏறினா மட்டும்” என்றால் அளவுக்கு மீறி இழுத்த செயின், அல்லது பின் பிறேக் கம்பி, அல்லது வெறும் காற்றுக் குறைவு.

பாரம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. இலக்கமாகப் பார்க்க விரும்பினால் மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று போதும். கொங்கிறீட் அல்லது தார்த்தரையில், நியூட்டிரலில், முன் போர்க்கின் கீழ்ப்பகுதியில் கயிறு கட்டி, ஒருவர் ஹாண்டிலை நேராகப் பிடிக்க மற்றவர் தராசால் மெல்ல இழுக்க வேண்டும். அசையத் தொடங்கும்போது காட்டுகிற எண்ணை விடுங்கள். சீராக உருளும்போது காட்டுவதுதான் கணக்கு. 150 கிலோ வண்டி, காற்றுச் சரியாக இருந்தால், 3 கிலோவைச் சுற்றி நிற்கும். 5 வரை பொறுக்கலாம். 7, 8 என்று போனால் எங்கேயோ பிடிக்கிறது. தரைச் சரிவைக் கவனியுங்கள். வீட்டு முன்தரை மழைத்தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் போட்டிருக்கும். நூற்றுக்கு ஒன்று என்கிற சரிவே 150 கிலோ வண்டிக்கு ஒன்றரைக் கிலோவைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஆகவே இரண்டு திசையிலும் இழுத்து நடு எண்ணை எடுங்கள். எழுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கம்) மணல் ஒழுங்கைகளில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே புது வண்டியும் அசையாது.

காற்றைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 100 முதல் 150 சிசி வரையான வண்டிகளுக்குப் பொதுவாக முன் 25, பின் 28, ஆள் ஏற்றினால் பின் 32 பி.எஸ்.ஐ. உங்கள் வண்டிக்கு உரியது செயின் கவர் ஸ்ரிக்கரிலோ கைநூலிலோ இருக்கும். ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். விரலால் அமர்த்திப் பார்ப்பது அளவே இல்லை. தடித்த ரயர் 15இலும் கல்லுப்போல இருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சேற்றில் ஓடுகிறவர்கள் காற்றோடு சேர்த்து மட்காட்டுக்குள்ளும் கை விட்டுப் பாருங்கள். காய்ந்த களி ரயரை உரசிக்கொண்டு கிடந்தாலும் பாரம் இதே பாரம்தான்.

முன்னா, பின்னா, எஞ்சினா

வண்டியைச் சென்டர் ஸ்ராண்டில் ஏற்றினால் பின்சில்லு தரையை விட்டுவிடும். முன்சில்லைத் தூக்க, பின் கரியரை ஒருவர் அமத்திப் பிடித்தால் போதும். சென்டர் ஸ்ராண்ட் இல்லாத வண்டிக்கு எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை வைக்கலாம். ஒயில் நட்டிலோ சைலன்சர் குழாயிலோ பாரம் விழாமல் வையுங்கள். எஞ்சின் நிறுத்தியே இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் செயினில் துணி பிடித்துத் துடைக்கிற பழக்கம் விரலைக் கொண்டுபோகும்.

சில்லை ஒரு இழுவை இழுத்து விடுங்கள். ட்ரம் பிறேக் முன்சில்லு பல சுற்றுச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். டிஸ்க் சில்லு ஒன்று இரண்டு சுற்றில் “ஸ்ஸ்” என்று லேசாக உரசிக்கொண்டு நிற்கும். அது இயல்பு, கலிப்பருக்குள் இருக்கிற பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டபடிதான் இருக்கும். பின்சில்லு செயினையும் கியர்ப்பெட்டிக்குள் ஒரு பகுதியையும் சேர்த்து இழுப்பதால் முன்சில்லளவு ஓடாது. கை எடுத்ததுமே நின்றால் பிழை.

நிற்கிற விதத்தையும் பாருங்கள். சுற்று முழுவதும் ஒரே இறுக்கம் என்றால் பிறேக் விலகவில்லை, அல்லது பெயாரிங் நெரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்து விடுகிறதென்றால் டிஸ்க் வளைவு, ட்ரம் முட்டை வடிவம், அல்லது செயினில் இறுகிய ஒரு கண்ணி. டிஸ்க் வளைவைப் பார்க்க, போர்க்கில் ஒரு கம்பித்துண்டைக் கட்டி அதன் நுனியை டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சில்லைச் சுற்றுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடிக் குறைந்தால் டிஸ்க்கை அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு எல்லை 0.3 மில்லிமீற்றர், உங்கள் வண்டிக்கு உரியதைக் கைநூலில் பாருங்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்திய டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

இரண்டு சில்லும் தூக்கினால் லேசு, தரையில் மட்டும் பாரம் என்றால் ரயர், அல்லது பாரம் ஏறும்போது வளைந்து கொடுக்கிற அச்சும் பெயாரிங்கும். பார்ப்பதற்கு இன்னொரு வழி, பிறேக்கை முடிந்தவரை தொடாமல் மூன்று நாலு கிலோமீற்றர் ஓடி, நிறுத்தியதும் இரண்டு சில்லின் ஹப்பையும் (நடுக்குடத்தையும்) எது கூடச் சூடு என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. டிஸ்க்கை விரலால் தொடாதீர்கள். இரண்டு துளி தண்ணீர் விடுங்கள். சீறினால் பிறேக் முழு நேரமும் பிடித்தபடி வந்திருக்கிறது.

முன் டிஸ்க்

நம்முடைய பக்கத்தில் அதிகம் கரைச்சல் தருவது இதுதான். கடற்காற்றின் உப்பும் மாரித் தண்ணீரும் சேர்ந்து கலிப்பரைத் தின்கின்றன. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர ரப்பர் சீல் இருக்கிறது. லீவரை அமத்தும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து முறுகும். விடும்போது பழைய நிலைக்குத் திரும்பிப் பிஸ்டனை மயிரிழையளவு பின்னுக்கு இழுக்கும். பிறேக்கை விலக்குகிற ஸ்பிறிங் அந்த ரப்பர்தான், வேறு ஸ்பிறிங் கிடையாது. சீல் உட்காருகிற பள்ளத்தில் உப்புக்காறை படிந்தால் சீல் வெளியே தள்ளப்பட்டுப் பிஸ்டனை நெரிக்கும். பிஸ்டன் போகும், திரும்பாது.

எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு 8 மில்லிமீற்றர் றிங் ஸ்பானரும் தெளிவான பிளாஸ்ரிக் குழாய்த்துண்டும் போதும். வண்டி பாரமாக இருக்கிற நேரத்திலேயே, கலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளில் குழாயை மாட்டிக் கால் சுற்றுத் திறவுங்கள். ஒயில் பீய்ச்சி வந்து சில்லு உடனே லேசானால் உள்ளே அமுக்கம் அடைபட்டிருக்கிறது. அப்போது பிழை மேலே, ஹாண்டிலில் லீவரோடு இருக்கிற மாஸ்டர் சிலிண்டரிலோ, அங்கிருந்து கீழே வருகிற பிறேக் குழாயிலோ. ஒயில் சும்மா கசிந்து, சில்லு அப்படியே இறுக்கமாக இருந்தால் பிழை கலிப்பரில்: பிஸ்டன், அல்லது கலிப்பர் வழுக்குகிற பின்கள்.

மேலே என்று தெரிந்தால் இன்னொரு படி. நிப்பிளை மூடி, லீவரை அடித்து மறுபடி இறுக வையுங்கள். இந்த முறை மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேர்கிற போல்ட்டைத் துணி சுற்றி மெல்லத் தளர்த்துங்கள். சில்லு லேசானால் மாஸ்டர் சிலிண்டர். லேசாகவில்லை, ஆனால் கீழே நிப்பிளைத் திறந்தால் லேசாகிறது என்றால் குழாயின் உட்சுவர் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் குழாய் புதிசு போலவே இருக்கும். இரண்டு நிமிடச் சோதனைதான். இதைச் செய்யாமல் பேட் மாற்றி, டிஸ்க் மாற்றி, கடைசியில் குழாய்க்கு வருகிறவர்கள் உண்டு.

மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் தொட்டிக்குத் திரும்பிப்போக ஊசி முனையளவு ஒரு துளை இருக்கிறது. லீவரை விட்டதும் அது திறந்திருக்க வேண்டும். அழுக்கு அடைத்தாலோ, லீவர் முழுதாகத் திரும்பாமல் பிஸ்டனைக் கொஞ்சம் அமத்திக்கொண்டு நின்றாலோ, சூட்டில் விரிகிற ஒயிலுக்குப் போக்கிடம் இல்லை. ஓட ஓட இறுகி, நிழலில் நிறுத்திக் குளிர்ந்ததும் லேசாகிற வண்டியின் கதை இது. லீவர் முனையில் சின்ன ஆட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். வண்டி விழுந்து வளைந்த லீவரும், அளவு சேராத மாற்று லீவரும் அந்த ஆட்டத்தை இல்லாமல் செய்யும். லீவரின் போல்ட்டைத் தளர்த்தி லீவரை எடுத்ததும் சில்லு விட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கலிப்பர் என்றால் கழற்றித் துப்பரவாக்கத்தான் வேண்டும். பேட்டை எடுத்து, பிஸ்டனுக்கு முன்னால் ஒரு பலகைத்துண்டு வைத்து, லீவரை மெல்ல அடித்துப் பிஸ்டனை வெளியே கொண்டுவரலாம். பிளையரால் பிஸ்டன் உடம்பைக் கடித்தால் அந்தக் கீறல் புதுச் சீலையும் வெட்டும். குரோம் உரிந்து குழி விழுந்த பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும். சீல் பள்ளத்தை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், ஸ்குறூ ட்ரைவரால் வேண்டாம். சீலைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ரப்பர் ஊதும். பூட்டிய அடுத்த நாளே பழைய பாரம் திரும்பி வரும். புது பிறேக் ஒயிலால்தான் துடைக்க வேண்டும். வழுக்குகிற பின்களுக்குச் சிலிக்கன் கிறீஸ். சில்லுப் பெயாரிங்குக்குப் போடுகிற கிறீஸ் அங்கேயும் ரப்பரை ஊதவைக்கும். ஒயில் டொட் 3 அல்லது டொட் 4, தொட்டி மூடியில் போட்டிருப்பதே. இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றாத ஒயில்தான் உள்ளே துருவாகிறது. பெயின்றில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். பூட்டிய பிறகு காற்று எடுத்து, லீவர் கெட்டியாக வரும் வரை வீதிக்கு இறங்க வேண்டாம்.

பின் ட்ரம்

பெடல் பிறேக் பிடிக்கத் தொடங்க முதல் 20 முதல் 30 மில்லிமீற்றர் சும்மா இறங்க வேண்டும். பிறேக் கம்பியின் நட்டை இறுக்கி இந்த ஆட்டத்தை இல்லாமல் செய்வதுதான் பாரத்துக்குச் சாதாரணக் காரணம். செயினை இழுத்துச் சில்லைப் பின்னுக்குத் தள்ளினால் கம்பியும் சேர்ந்து இறுகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதனால் எப்போதும் செயின் முதல், பிறேக் பிறகு. அளந்த பிறகு சீற்றில் ஒருவரை இருத்தி மறுபடி பெடலைப் பாருங்கள்.

நட்டை முழுதாகத் தளர்த்தியும் சில்லு விடவில்லையா? ட்ரம்முக்கு வெளியே, பிறேக் கம்பி மாட்டியிருக்கிற இரும்புக் கையைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அதோடு சில்லு விட்டால் உள்ளே சூவை விரிக்கிற கேம் காய்ந்து துருப்பிடித்திருக்கிறது, அல்லது சூ ஸ்பிறிங் தளர்ந்திருக்கிறது. கேமைக் கழற்றி, எமறி தாளால் தேய்த்து, தண்டில் மட்டும் மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள். கூடினால் சூட்டில் உருகி சூவில் ஏறும், பிறகு பிறேக்கே பிடிக்காது. பெடல் மிதிக்காமலே பிறேக் லைற் எரிந்துகொண்டிருந்தால் பெடலின் அச்சும் இறுகியிருக்கலாம். கழுவி எண்ணெய் விட்டால் போதும்.

செயின்

மேல் கீழ் ஆட்டம் பொதுவாக 25 முதல் 35 மில்லிமீற்றர், கீழ்ப்பக்க நடுவில். ஒரு இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். சில்லைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுகிய இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் 30 வைத்தால் இறுகிய இடத்தில் கம்பி போல நிற்கும், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஒரு தரம் முக்கும். ஓரிடத்தில் 10, இன்னோரிடத்தில் 40 என்றால் அந்தச் செயினுக்குச் சரிசெய்தல் கிடையாது. முன் பின் பல்லுச்சில்லுகளோடு செட்டாக மாற்றுங்கள். ஆள் ஏறிச் சொக்கப்சோர் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். அந்த இறுக்கம் கியர்ப்பெட்டியிலிருந்து வெளியே வருகிற தண்டின் பெயாரிங்கையும் கொல்லும்.

அச்சு நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கக் கோடுகளையும் பாருங்கள். கோடுகளையும் முழுதாக நம்பாமல் பின்ரயரிலிருந்து முன்ரயருக்கு நூல் பிடித்துப் பார்ப்பது நல்லது. கடற்கரை மணல் ஏறிய செயினுக்கு மேலேயே கிறீஸ் அப்புகிறவர்கள் தேய்க்கிற பசை செய்கிறார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, 90 கியர் ஒயில் துளித்துளியாக. பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும்.

செயினைக் கழற்றிவிட்டுப் பின்சில்லைச் சுற்றினால் சந்தேகம் தீரும். சில்லு இப்போது தாராளமாகச் சுற்றினால் பிழை செயினில் அல்லது எஞ்சின் பக்கத்தில். முன் பல்லுச்சில்லை நியூட்டிரலில் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் இல்லாமலும் பின்சில்லு இறுக்கமென்றால் பிறேக் அல்லது பெயாரிங்.

பெயாரிங்குக்கு வந்துவிட்டால்

அச்சு நட்டைத் தளர்த்தினால் சில்லு ஓடுகிறது, இறுக்கினால் நிற்கிறது. இந்தக் குணம் காட்டினால் பெயாரிங் மட்டும் குற்றவாளி இல்லை. ஹப்புக்குள் இரண்டு பெயாரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் நிற்கும். நட்டின் இறுக்கத்தை அதுதான் தாங்கி, உள்வளையங்களை நெரியாமல் காக்கிறது. பெயாரிங் மாற்றும்போது அது தவறிப்போனாலோ, தேய்ந்து குட்டையானாலோ, ஒரு பெயாரிங் முழுதாக உட்காராமல் நின்றாலோ, இறுக்க இறுக்கக் குண்டுகள் பக்கவாட்டில் நெரியும். புதுப் பெயாரிங் சில வாரத்தில் போய்விட்டது, சாமான் சரியில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் அந்தக் குழாயைக் கேட்க வேண்டும்.

போடும்போது ஒரு பக்கத்தை அடிவரை இறக்கி, குழாயை வைத்து, மறுபக்கத்தைக் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். அடி வெளிவளையத்தில்தான் விழ வேண்டும். பழைய பெயாரிங்கையே மேலே வைத்து அடிக்கலாம். வாங்கப் போகும்போது பழையதன் பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்துப் போங்கள். 6301 என்றால் உள்ளோட்டை 12 மில்லிமீற்றர், 6202உம் 6302உம் 15, 6203 என்றால் 17. 6202இன் வெளிவிட்டம் 35, 6302இன் வெளிவிட்டம் 42. கடலோரத்துக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள்.

முன்சில்லில் கேபிள் ஸ்பீடோமீற்றர் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு பொறி உண்டு. மீற்றர் பெட்டியின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காராமல் அச்சை இறுக்கினால் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும். முன் அச்சை இறுக்கிய பிறகு, முன் பிறேக்கைப் பிடித்துப் போர்க்கை நாலைந்து தரம் அமத்தி விடுங்கள். போர்க்கின் கால்கள் தம் இடத்தில் நின்ற பிறகே கீழ் கிளாம்ப் போல்ட்டை இறுக்க வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு விசயம்: நைலோன் தங்கூசி. கரைவலை இழுக்கிற இடங்களைத் தாண்டி வருகிற வண்டிகளில் அச்சுக்கும் தூசிச் சீலுக்கும் நடுவே நூல் சுற்றிக்கொள்ளும். அம்பாறைப் பக்கம் வெட்டுக் காலத்தில் அதே இடத்தில் வைக்கோல். சூட்டில் இறுகிச் சீலை வெட்டும், வெட்டிய வழியாகத் தண்ணீர் போகும். வெளியிலிருந்து ரோச் அடித்தாலே தெரியும்.

கிளச், ஸ்கூட்டர்

நியூட்டிரலில் லேசு, கியரில் கிளச் பிடித்தால் பாரம் என்றால் சில்லில் ஒன்றுமில்லை. லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீற்றர் ஆட்டத்துக்கு மேல் இருந்தால் கிளச் முழுதாகப் பிரியாது. கனநாள் நின்ற வண்டியில் தட்டுகள் ஒயிலில் ஒட்டிக்கொள்ளும். லீவரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் விடும். பச்சை லைற்றை மட்டும் நம்பி நியூட்டிரல் என்று சொல்லாதீர்கள், சுவிச்சும் பொய் சொல்லும்.

ஸ்கூட்டரை உருட்டும்போது எஞ்சின் சேர்ந்து சுற்றக்கூடாது. பின்சில்லைக் கையால் சுற்ற எஞ்சின் விசிறியும் சேர்ந்து அசைந்தால் கிளச் சூ கிண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, அல்லது சூ ஸ்பிறிங் உடைந்திருக்கிறது. ஒரே லீவரில் இரண்டு பிறேக்கும் வருகிற ஸ்கூட்டர்களில் கேபிள் துருப்பிடித்தால் இரண்டு சில்லும் ஒன்றாகப் பிடிக்கும். கேபிளைச் சில்லுப் பக்கத்தில் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் ஹப் மூழ்கிய வண்டியை லேசாக உருண்டாலும் அப்படியே ஓட்டாதீர்கள். ட்ரம்மைத் திறந்து காயவைத்து, எஞ்சின் ஒயில் பால் நிறமாக இருந்தால் ஸ்ராட் பண்ணாமல் மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் அதே தரையில், அதே காற்றில் தராசைப் போட்டு மறுபடி இழுங்கள். ஐந்து கிலோமீற்றர் ஓடிவந்து இன்னொரு தரம். இரண்டு எண்ணையும் திகதியோடு ரூல் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பெயின்ற் பேனையால் எழுதி விடுங்கள். அடுத்த மாரி முடிந்து இழுக்கும்போது எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியதில்லை.